ஹெட் கோச் சொல்லிக்கொடுப்பது தவறு என்று தோன்றினால், பிள்ளைகளிடம் நான் மாற்றிச் சொல்லலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கிறீர்கள். மகள் பத்து வயதுக்குட்பட்டோர் சாஃப்ட்பால் அணியில் ஆடுகிறாள் (பேஸ்பால் போன்ற ஆட்டம், பந்தைக் கீழிருந்து கையைச் சுழற்றி வீச வேண்டும்), பிட்சிங்கும், அதாவது பந்து வீசவும், பழகுகிறாள். ஆள் போதவில்லை என்று கேட்டார்கள், நீங்கள் அசிஸ்டன்ட் கோச் ஆகிவிட்டீர்கள். ஹெட் கோச் இருபது வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். பிட்சிங்கில் "ஹலோ எல்போ" என்கிறார், பேட்டிங்கில் "பின்காலால் பூச்சியை நசுக்கு" என்கிறார், பிராக்டீஸில் பாதி நேரம் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இரவு உட்கார்ந்து நீங்கள் பார்த்த வீடியோக்களோ இதெல்லாம் பழைய பஞ்சாங்கம் என்கின்றன. யார் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, "அவர் அந்தப் பக்கம் போனதும் பிள்ளைகளிடம் நான் மாற்றிச் சொல்லலாமா?" என்று, அதுதான் உங்களை உறுத்தும் கேள்வி என்று நினைக்கிறேன்.

வேண்டாம் என்பதுதான் என் பதில். ஒரே ஒரு விலக்கு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். நான் நம்மூரில் கல்லூரி அணிக்கு சாஃப்ட்பால் ஆடியவள், கேட்சர் (பேட் பிடிப்பவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள்). இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரே செட் கிளவ்தான் இருக்கும். பேட்டிங்குக்குப் போகிறவர்கள் கிளவைக் கழற்றி எதிரணியிடம் கொடுத்துவிட்டுப் போவோம். அதற்குப் பிறகு நியூ ஜெர்சியில் பன்னிரண்டு சீசன், முதல் மூன்று அசிஸ்டன்டாக, மிச்சம் ஹெட் கோச்சாக. பயோமெக்கானிக்ஸ் படித்தவள் இல்லை, பிசியோதெரபிஸ்டும் இல்லை. கீழே சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நானே அதைச் செய்திருக்கிறேன். அசிஸ்டன்டாக இருந்த இரண்டாவது வருஷம். அப்போதைய ஹெட் கோச் எல்லாப் பிள்ளைகளையும் பின்கை முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கி நிற்கச் சொல்வார். ஒரு சின்னப் பெண், ஒன்பது வயது, அப்படி நின்றால் பேட்டைச் சுற்றி இழுக்கவே அவளுக்கு நேரம் போதவில்லை. நான் டக்அவுட்டில் (அணி உட்காரும் இடம்) அவள் காதில், "முழங்கையை இறக்கிக்கோ, சும்மா தளர்வா நில்லு" என்றேன். அடுத்த ஆட்டத்தில் மூன்றாம் பேஸ் (ஓடுகிறவர்கள் தொட்டுச் செல்லும் நான்கு மூலைகளில் ஒன்று) பக்கமிருந்து அவர் "எல்போ அப்" என்று கத்துகிறார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூன்று ஸ்ட்ரைக்கும் பேட்டை அசைக்காமல் நின்று அவுட் ஆனாள். திரும்பி வந்து கோபமே இல்லாமல் கேட்டாள்: "கோச், இனிமே யார் சொன்னபடி அடிக்கணும்?" நான் சொன்னது சரியான திருத்தம்தான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அந்த வயதில் பேட் பிடிப்பவளின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்து வயதுப் பிரிவில் பிட்சருக்கும், பேட் பிடிப்பவள் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் 35 அடி தூரம். மணிக்கு 40 மைல் வேகத்தில் பந்து வந்தால் அவளுக்குக் கிடைப்பது அரை நொடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதற்குள் பந்தைப் பார்த்து, அடிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுத்து, பேட்டையும் வீச வேண்டும். அங்கே இரண்டு கோச்சுக்கு இடமில்லை. பாதிச் சரியான ஒரு குரலே முழுச் சரியான இரண்டாவது குரலைவிட அவளுக்கு மேல்.

இனி யார் சரி என்ற பகுதி. பிட்சிங்கில் உங்கள் வீடியோக்கள் சரி, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஹலோ எல்போ என்பது, கை சுற்றி வந்து பந்தை விடும்போது மணிக்கட்டை முன்பக்கமாகச் சொடுக்கி, முழங்கையைக் கேட்சருக்கு நேராகத் தூக்கி முடிப்பது. முழங்கை கேட்சருக்கு "ஹலோ" சொல்கிறதாம். பெரிய பிட்சர்கள் யாருடைய ஸ்லோ மோஷனை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். ஜென்னி ஃபின்ச், கேட் ஆஸ்டர்மன், மோனிகா அபோட், ஜப்பானின் யூகிகோ உவேனோ, எவரும் பந்தை விடும் கணத்தில் அப்படிச் செய்வதில்லை. கையின் மேல்பாதி இடுப்பருகே வந்து வேகம் குறைகிறது, முன்னங்கை உடம்பை லேசாக உரசியபடி சாட்டைபோல முந்திக்கொண்டு உள்நோக்கித் திரும்புகிறது, பந்து அந்தத் திருப்பத்தில் கிளம்பிவிடுகிறது. முழங்கை பிறகு எங்கே போகிறது என்பது வேகத்தின் மிச்சம். மண்டியிட்டு மணிக்கட்டை மட்டும் சொடுக்கும் பயிற்சி, அணிகள் வார்ம்அப்பில் பத்து நிமிஷம் செய்கிறதே, அதுவும் இந்தப் பழைய நம்பிக்கையின் வால்தான். ஆட்டத்தில் இல்லாத அசைவு அது.

ஆனால் இதை வைத்து உங்கள் ஹெட் கோச்சை முட்டாள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த ஊரில் ஒரு தலைமுறையே அப்படித்தான் கற்றது, அப்படித்தான் கற்பித்தது. ஆடுகளத்தில் ஒன்றைச் செய்துவிட்டு, கேட்டால் தாங்கள் செய்ததாக உடம்பு நம்பிய வேறொன்றைச் சொன்ன நல்ல பிட்சர்கள் உண்டு. பந்தை விடும் நேரம் கண்ணுக்குப் பிடிபடாத வேகம். வெறும் கண்ணால் பார்க்கிறவருக்குத் தெரிவதெல்லாம் முடிந்த பிறகு உயர்ந்து நிற்கும் முழங்கைதான், அதையே அவர் பாடமாக்கிவிட்டார். கையில் ஸ்லோ மோஷன் கேமரா இல்லாத காலத்தில் நீங்களும் நானும்கூட அதைத்தான் சொல்லியிருப்போம்.

எனக்குத் தெளியப் பல வருஷம் பிடித்த ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. கோச் வாயால் சொல்லும் சொல் வேறு, பிள்ளையின் உடம்பு செய்யும் அசைவு வேறு. தவறான சொல்லைக் கேட்டுச் சரியாக வீசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹலோ எல்போ என்றே மூன்று வருஷம் கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணைப் படம் எடுத்துப் பார்த்தேன். பந்தை விடும் கணத்தில் முன்னங்கை அழகாகத் திரும்புகிறது. பந்து கையை விட்டுப் போன பிறகு, கோச்சுக்காக ஒரு முழங்கையைத் தூக்கிக் காட்டுகிறாள். அவளிடம் திருத்த ஒன்றுமே இல்லை. இன்னொருத்தி அதே சொல்லை அப்படியே நம்பி, பந்தை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். இவளுக்குத்தான் உதவி தேவை. ஆகவே கோச்சின் சொல்லோடு சண்டை போடுவதற்கு முன் பிள்ளைகளின் அசைவைப் பாருங்கள். பன்னிரண்டு பேரில் மூன்று பேருக்குத்தான் பிரச்சினை என்றால், பேச வேண்டிய விஷயம் மூன்று பேர் அளவுக்குச் சுருங்கிவிடும்.

பூச்சியை நசுக்குவது அவ்வளவு தெளிவான வழக்கு இல்லை. பின்கால் பாதத்தை மண்ணில் திருகினால் இடுப்பு திரும்பும் என்பது அதன் கணக்கு. நல்ல பேட்டர்களின் படத்தைப் பார்த்தால், பந்தை அடிக்கும் நேரத்தில் அவர்கள் எடை முன்காலுக்கு வந்துவிட்டிருக்கிறது. பின்கால் லேசாகி, விரல்நுனியில் நிற்கிறது, சிலருக்குத் தரையைவிட்டே எழும்புகிறது. பூச்சி தப்பித்து ஓடிவிடும். அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இரண்டு காலையும் ஆணி அடித்ததுபோல் ஊன்றி, கையால் மட்டும் பேட்டை வீசும் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதைக் காட்ட இந்தச் சொல் உதவுகிறது. நானே பயன்படுத்தியிருக்கிறேன். இடுப்பு திரும்பத் தொடங்கிய பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் எடை பின்னாலேயே தங்கிவிடும், அதுதான் கெடுதல். எந்த வாரம் நிறுத்த வேண்டும் என்று யாரிடமும் சூத்திரம் கிடையாது. இதற்காக ஹெட் கோச்சிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். நீங்கள் கிரிக்கெட் ஆடியவர் என்று எழுதியிருப்பதால் ஒரு பேச்சு: "நேராக ஆடு" என்ற நம் பழக்கத்தையும் இதற்குள் கொண்டுவராதீர்கள், இது குறுக்குப் பேட் ஆட்டம். பந்து பிடிக்கும்போது "கை கொடுத்து வாங்கு" என்போமே, அதைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். தரையில் உருண்டு வரும் பந்தை (கிரவுண்ட் பால்) எடுக்கிறவளுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

நீங்கள் கேள்வியில் மூன்றாவதாக, ஒரு வரியில் தள்ளிவிட்ட அந்த வரிசைதான் என் கண்ணில் முதல் பிரச்சினை. பத்து வயது ஆட்டத்தில் ரன்கள் எப்படி வருகின்றன என்று ஒரு ஆட்டத்துக்கு நோட்டில் குறித்துப் பாருங்கள். நான் குறித்த ஆட்டங்களில் பெரும்பாலும் வாக் (பிட்சர் நான்கு பந்தைத் தவறாக வீசியதால் கிடைக்கும் இலவச பேஸ்), கேட்சரைத் தாண்டி ஓடிய பந்து, ஃபர்ஸ்ட் பேஸுக்கு மேலே பறந்த த்ரோ. அடித்து எடுத்த ரன் அபூர்வம். பேஸுக்குப் பேஸ் 60 அடி. என் ஸ்டாப்வாட்ச்சில் அந்த வயதுப் பிள்ளைகள் அதை நான்கு நொடிக்கு முன்னே பின்னே ஓடுகிறார்கள். ஒரு முறை தவறி எடுத்து, எறிவதற்குள் ஓடுகிறவள் பேஸில் நிற்பாள். அதாவது இந்த வயதின் அடிப்படை என்பது எறிவதும் பிடிப்பதும்தான். இடுப்புத் திருப்பம், முழங்கைக் கோணமெல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு பேர் ஒரே வரிசை, கோச் பத்து நொடிக்கு ஒரு பந்து அடிக்கிறார். நிமிஷத்துக்கு ஆறு பந்து, ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. இருபது நிமிஷம் முடிந்தால் ஒவ்வொருத்திக்கும் பத்துப் பந்து. மிச்ச நேரம் டெய்சிப் பூ பறிக்கிறார்கள். அதே பன்னிரண்டு பேரை ஆறு ஜோடியாக நிறுத்தினால், ஆறு நொடிக்கு ஒரு த்ரோ என்று வைத்தாலும், ஜோடிக்கு நிமிஷத்துக்குப் பத்து. அதே இருபது நிமிஷத்தில் ஒவ்வொருத்தியும் நூறு முறை எறிந்து நூறு முறை பிடித்திருப்பாள். பாதிப் பந்து தவறி ஓடும், பொறுக்கி வருவதில் நேரம் போகும், சரி, பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பத்து எங்கே, ஐம்பது எங்கே. எந்த டெக்னிக் விவாதத்திலும் வெற்றி பெற்று நீங்கள் கொண்டுவரக்கூடிய முன்னேற்றம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. இன்னொரு வசதி, இதற்கு ஹெட் கோச் தன் கொள்கை எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 1994இல் வெளியான ஒரு பேஸ்பால் ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். ஜூனியர் காலேஜ் வீரர்கள், ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை கூடுதலாக 45 பந்து. ஒரே வகைப் பந்தைத் தொடர்ந்து அடித்துப் பழகியவர்கள் சுமார் 25 சதவீதம் முன்னேறினார்கள், வேகப்பந்து, வளைபந்து என்று கலந்து வந்ததை அடித்துப் பழகியவர்கள் 57 சதவீதம், கூடுதல் பயிற்சியே இல்லாதவர்கள் 6 சதவீதம். அழகான முடிவுதான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே அடிக்கத் தெரிந்த இளைஞர்கள். டீ என்ற கம்பத்தின் மேல் அசையாமல் வைத்த பந்தையே தவறவிடும் பிள்ளைக்கு இதை அப்படியே போட்டுப் பார்க்க முடியாது. "முழங்கையை இப்படி வை" என்று உடம்பைப் பற்றிச் சொல்வதைவிட "பந்தை அவள் மார்புக்கு அனுப்பு" என்று இலக்கைப் பற்றிச் சொன்னால் நன்றாகக் கற்கிறார்கள் என்று ஏராளமான ஆய்வுகள் வந்தன. என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் சாதகமான முடிவுகள் மட்டும் அதிகம் அச்சேறியதால் அது பெரிதாகத் தெரிகிறது என்று அண்மையில் வலுவான மறுப்பும் வந்திருக்கிறது. ஆகவே இதை வைத்துக்கொண்டு ஹெட் கோச்சிடம் "ஆராய்ச்சியே சொல்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள்.

நான் அதிகம் நம்புவது வேறொரு ஆய்வை. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் கோச்சுகளுக்கு, பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். நல்லதைக் கண்டால் சொல், தவறினால் தைரியம் சொல்லி வழி காட்டு, திட்டாதே. 1992இல் வெளிவந்த அவர்கள் ஆய்வில், பயிற்சி பெற்ற கோச்சுகளிடம் ஆடியவர்களில் 5 சதவீதம் பேர்தான் அடுத்த வருஷம் வராமல் நின்றார்கள். மற்ற கோச்சுகளிடம் ஆடியவர்களில் 26 சதவீதம். அவர்கள் பையன்கள், ஆட்டமும் பேஸ்பால், அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் உங்கள் ஹெட் கோச்சைப் பற்றி நீங்கள் எழுதாத ஒன்றை அறிய ஆசை: பிள்ளைகள் அவரிடம் சிரிக்கிறார்களா? ஆம் என்றால், முழங்கை தவறாக இருந்தாலும் அவரிடம் பெரிய சொத்து இருக்கிறது.

அவரிடம் எப்படிப் பேசுவது? மைதானத்தில் வேண்டாம், பெற்றோர் காதில் விழும்படி வேண்டவே வேண்டாம். அணியின் குழு மெசேஜில் வீடியோ லிங்க் போடுவது போர் அறிவிப்பு. பிராக்டீஸ் முடிந்து பந்துப் பையைக் காருக்குத் தூக்கிப் போகும்போது பேசுங்கள். முதல் கோரிக்கை வரிசையைப் பற்றி இருக்கட்டும்: "அடுத்த வாரம் பதினைந்து நிமிஷம் எனக்கு ஒரு ஸ்டேஷன் கொடுங்க, ஜோடி ஜோடியா த்ரோ பண்ண வைக்கிறேன், உங்களுக்கும் பாதிப் பேரைச் சமாளிச்சா போதும்." இருபது வருஷம் இந்தக் கூலியில்லா வேலையைச் செய்த மனிதர் இதற்கு வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. பிட்சிங் பேச்சை மூன்று நான்கு வாரம் கழித்து எடுங்கள், அதுவும் கேள்வியாக. அவர் அணியில் உள்ள ஒரு பெண்ணின் வீடியோவையே காட்டி, "பந்தை விடும்போது இவ கை இப்படித் திரும்புதே, இது நல்லதா, கெட்டதா?" என்று கேளுங்கள். அவர் பதில் உங்களைத் திருத்தவும் கூடும். எனக்கு இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது. அப்படியும் அவர் மாறவில்லை என்றால் அந்த சீசன் அவருடையது. உங்கள் அணி வேண்டும் என்றால் அடுத்த வருஷம் ஹெட் கோச்சாகப் பெயர் கொடுங்கள். அப்போது ஒரு அசிஸ்டன்ட் வந்து உங்கள் காதைக் கடிப்பார்.

உங்கள் மகள் விஷயம் தனி. இந்த ஊரில் பிட்சர்கள் தனியாக ஒரு பிட்சிங் கோச்சிடம் போவது சகஜம், அணி கோச்சுகள் பெரும்பாலும் அதில் தலையிடுவதில்லை. நல்லவராக ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். "அவ வெளியில கத்துக்கிறா, ரெண்டு விதமா சொன்னா குழம்புவா, பிட்சிங் மட்டும் அவங்க வழியிலேயே போகட்டுமே" என்று ஹெட் கோச்சிடம் முன்கூட்டியே நேராகச் சொல்லிவிடுங்கள். மற்ற பிள்ளைகளின் கையைப் பற்றி முடிவெடுப்பது அவர்கள் பெற்றோர் வேலை.

இனி அந்த விலக்கு. வலி. ஒரு பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டாலோ, கையின் மேல்பாதியில் முன்பக்கம் வலிக்கிறது என்றாலோ, வழக்கமான வேகம் திடீரென்று குறைந்தாலோ, யார் ஹெட் கோச் என்று பார்க்காதீர்கள். அன்றைக்கு அவள் வீசுவதை நிறுத்தச் சொல்லுங்கள், பெற்றோரிடமும் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் லீக் நிர்வாகி வரை போங்கள். கீழிருந்து வீசுவது இயற்கையான அசைவு, எத்தனை வேண்டுமானாலும் வீசலாம் என்ற பேச்சு இங்கே இன்னும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உவேனோ இரண்டு நாளில் 413 பந்து வீசித் தங்கம் வென்றதை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அவர் உலகத்திலேயே ஒருவர், அதுவும் முழு வளர்ச்சி பெற்ற உடம்பு. ஆய்வகத்தில் அளந்தபோது, இந்தச் சுழற்று வீச்சில் தோளுக்கு வரும் இழுவிசை மேலிருந்து எறிவதற்கு ஈடாகவே இருந்தது. பைசெப்ஸ் தசை மேலிருந்து எறிவதைவிட அதிகம் உழைக்கிறது என்று 2009இல் ஒரு ஆய்வு வந்தது. ஹலோ எல்போதான் காயத்துக்குக் காரணம் என்று உங்கள் வீடியோக்கள் சொல்கின்றனவே, அது மட்டும் நிரூபிக்கப்பட்டதல்ல. எண்ணிக்கையும் ஓய்வின்மையும்தான் நான் பார்த்த வலிகளுக்குப் பின்னால் இருந்தன.

உங்கள் மகள் வீசி நான் பார்த்ததில்லை, ஆகவே அவளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. வலக்கை என்றால் மூன்றாம் பேஸ் பக்கம், அவள் இடுப்பு உயரத்தில் போனை வைத்து, நொடிக்கு 240 படம் ஓடும் ஸ்லோ மோஷனில் பத்துப் பந்து எடுங்கள். பந்து இடுப்பைத் தாண்டும் அந்த ஒரு நொடித்துளியில் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது, முன்னங்கை உடம்பை உரசுகிறதா என்பதை மட்டும் பார்த்து எழுதுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.